அரை மணி நேரத்தில் உருவான எழுத்தாளர்



"கட்டுரை ஏன் எழுதவில்லை?" என்று வகுப்பில் கேட்டால், எனக்கு வழக்கமாகக் கிடைத்த பதில் ஒன்றுதான். "நேரமே இல்லை சார்!" முப்பது வருடங்களுக்கு மேல் இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். சில சமயம் கோபம் வரும். சில சமயம் சிரிப்பு வரும்.

ஓய்வு பெற்ற பிறகு ஓர் அமெரிக்க எழுத்தாளரின் வாழ்க்கையைப் படித்தேன். 'அடடா, இவரைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கலாமே!' என்று தோன்றியது. அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் பெயர் கிறிஸ்டோஃபர் பால் கர்டிஸ். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்காகக் கதை எழுதுபவர். அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குக் கொடுக்கப்படும் மிக உயர்ந்த பரிசை வாங்கியவர். ஆனால், அவர் எழுதிப் பழகிய இடம் எது தெரியுமா? காதைப் பிளக்கும் சத்தம் நிறைந்த ஒரு கார் தொழிற்சாலை!

கார் நகரத்துப் பையன்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. 'ஜெனரல் மோட்டார்ஸ்' என்ற புகழ்பெற்ற கார் நிறுவனம் 1908-ல் தொடங்கப்பட்டது அங்கேதான். ஒரு காலத்தில் அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார் என்றே சொல்லலாம்.

அந்த ஊரில் 1953-ம் ஆண்டு மே 10-ம் தேதி கர்டிஸ் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் இவர் இரண்டாவது. அப்பா, பாத நோய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அந்த வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. அதனால் அவரும் கார் தொழிற்சாலைக்கே வேலைக்குப் போனார்.

சிறுவன் கர்டிஸுக்குப் படிக்கப் பிடிக்கும். கையில் கிடைத்த பத்திரிகைகளை எல்லாம் படிப்பான். ஆனால், கதைப் புத்தகங்கள் அவன் மனதைத் தொடவில்லை. ஏன் தெரியுமா? அந்தக் கதைகளில் வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அவனைப் போல இல்லை! அவன் வீட்டைப் போன்ற வீடு, அவன் தெருவைப் போன்ற தெரு எதுவுமே அந்தப் புத்தகங்களில் இல்லை. 'என்னைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லையே' என்ற ஏக்கம் அந்தச் சிறுவனுக்கு இருந்தது.

அந்த ஏக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. கதை அங்கேதான் திரும்பப் போகிறது.

ஒரு நாளைக்கு முந்நூறு கதவுகள்!

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் கர்டிஸுக்கு இடம் கிடைத்தது. அதற்கு முன் கொஞ்ச காலம் தொழிற்சாலையில் வேலை செய்து பணம் சேர்க்கலாம் என்று போனார். நல்ல சம்பளம். கையில் காசு புழங்கியதும் வேலையை விட மனம் வரவில்லை. 'கொஞ்ச காலம்' என்று நினைத்துப் போனவர், 13 வருடங்கள் அங்கேயே இருந்துவிட்டார்!

பிளின்ட் நகரில் இருந்த 'ஃபிஷர் பாடி 1' என்ற தொழிற்சாலை அது. கார் எப்படிச் செய்வார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? முடியாத கார்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே வரும். வழியில் நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு வேலையை மட்டும் செய்வார். ஒருவர் கண்ணாடி பொருத்துவார். இன்னொருவர் திருகாணி முடுக்குவார். வரிசை நிற்கவே நிற்காது. நீங்கள் தும்மினாலும் கார் நகர்ந்து போய்விடும்!

கர்டிஸின் வேலை, 'பியூக்' என்ற பெரிய காருக்குக் கதவு மாட்டுவது. ஒரு கதவின் எடை சுமாராக 25 கிலோ முதல் 35 கிலோ வரை இருக்கும். அதாவது, கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி! அதைத் தூக்க வேண்டும், சரியான இடத்தில் பொருத்த வேண்டும், அடுத்த கதவைத் தூக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு 300 கதவுகளுக்கு மேல். அந்த வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் கர்டிஸும், அவரோடு கதவு மாட்டிய கூட்டாளியும் ஒரு யோசனை செய்தார்கள். வழக்கமாக ஒருவர் ஒரு காருக்கு மாட்டினால், அடுத்தவர் அடுத்த காருக்கு மாட்ட வேண்டும். மாறி மாறிச் செய்தால், நடுவில் மூச்சு விடத்தான் நேரம் இருக்கும். அதற்குப் பதிலாக, ஒருவரே தொடர்ந்து 30 கார்களுக்குக் கதவு மாட்டினால்? அடுத்தவருக்கு முழுதாக அரை மணி நேரம் ஓய்வு! பிறகு அவர் 30 கார்களுக்கு மாட்டுவார், இவருக்கு அரை மணி நேரம் ஓய்வு.

எவ்வளவு எளிய கணக்கு பாருங்கள்! வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிதறிக் கிடந்த நிமிடங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். அவ்வளவுதான்.

அந்த அரை மணி நேரத்தில் கர்டிஸ் என்ன செய்தார்? காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதினார். மனதில் பட்டதை எல்லாம் எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரும் படிக்கப் போவதும் இல்லை. எழுதும்போது இயந்திரச் சத்தம் மறந்துபோகும், தொழிற்சாலையில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும் என்பதற்காக எழுதினார். வருடக்கணக்கில் எழுதினார். அப்போது அவருக்கே தெரியாது, தான் ஓர் எழுத்தாளராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று!

நம்பிக்கை வைத்த மனைவி

1985-ல் கர்டிஸ் அந்தத் தொழிற்சாலையை விட்டு விலகினார். அடுத்து என்ன? பல வேலைகள் பார்த்தார். தேர்தல் பிரசார வேலை, பராமரிப்பு வேலை, கிடங்கில் எழுத்தர் வேலை. எதுவும் நிலைக்கவில்லை. இடையிடையே பல்கலைக்கழகத்திலும் பாடங்கள் படித்துவந்தார்.

அவருடைய மனைவி ஒரு செவிலியர். டிரினிடாட் தீவில் பிறந்தவர். திருமணத்துக்கு முன் இருவரும் வேறு வேறு ஊர்களில் இருந்தபோது, கர்டிஸ் அவருக்கு நிறையக் கடிதங்கள் எழுதினார். அந்தக் கடிதங்களைப் படித்தபோதே, 'இவரிடம் எழுத்துத் திறமை இருக்கிறது' என்று அவர் கண்டுகொண்டார்.

1993-ல் அவர் தன் கணவரிடம் ஒரு விஷயம் சொன்னார். ஒரு வருடம் வேலைக்குப் போக வேண்டாம், வீட்டுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றார்.

யோசித்துப் பாருங்கள் பிள்ளைகளே! கர்டிஸுக்கு அப்போது வயது 40. வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அதுவரை அவர் ஒரு புத்தகம்கூட வெளியிட்டதில்லை. அந்த ஒரு வருடத்தில் ஒன்றும் நடக்காவிட்டால்? குடும்பத்தின் ஒரு வருடச் சம்பளம் போனது போனதுதான். இருந்தாலும் அந்த அம்மா துணிந்தார்.

அப்போது அவர்கள் குடியிருந்தது, கனடா நாட்டின் வின்ட்சர் நகரில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம், இந்தப் பக்கம் வின்ட்சர். அந்த ஊர்ப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போய், ஒரு மேசையில் உட்கார்ந்து கர்டிஸ் எழுதத் தொடங்கினார். எல்லாம் கையால்தான். வீட்டுக்கு வந்ததும், அவர் எழுதியதை மகன் கணிப்பொறியில் ஏற்றுவான். பார்த்தீர்களா? மனைவி பணத்துக்குப் பொறுப்பு, மகன் தட்டச்சுக்குப் பொறுப்பு. ஒரு குடும்பமே சேர்ந்து எழுதிய புத்தகம் என்றுகூடச் சொல்லலாம்!

வாட்சன் குடும்பம் புறப்பட்டது

அந்தப் புத்தகத்தில் வருவது வாட்சன் குடும்பம். ஊர் எது? கர்டிஸின் சொந்த ஊரான பிளின்ட்தான். கதை சொல்பவன் கென்னி என்ற 10 வயதுக் கறுப்பினச் சிறுவன். அவனுக்கு பைரன் என்று ஒரு குறும்புக்கார அண்ணன், ஜோயி என்று ஒரு தங்கை. தன் சிறு வயதில் எந்தப் புத்தகத்திலும் காணாத பிள்ளைகளை, கர்டிஸ் தானே எழுதிவிட்டார்!

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். உறைய வைக்கும் குளிர்காலம். அண்ணன் பைரன், கார் கண்ணாடியில் தெரியும் தன் அழகைப் பார்த்து மயங்கி, கண்ணாடிக்கு ஒரு முத்தம் கொடுக்கிறான். அவ்வளவுதான்! குளிரில் உதடு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. அப்புறம் என்ன நடந்திருக்கும்? நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்!

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் போகும் கதை, பாதிக்கு மேல் வேறு பக்கம் திரும்புகிறது. முதலில் கர்டிஸ் அந்தக் குடும்பத்தை புளோரிடாவுக்குச் சுற்றுலா அனுப்பத்தான் நினைத்திருந்தார். ஆனால், அங்கே போன பிறகு கதை நகர மறுத்தது. அந்த நேரத்தில் அவருடைய மகன் பள்ளியிலிருந்து ஒரு கவிதையைக் கொண்டுவந்தான். பர்மிங்ஹாம் நகரில் நடந்த ஒரு கொடுமையைப் பற்றிய கவிதை அது. அதைப் படித்ததும், வாட்சன் குடும்பம் எங்கே போக வேண்டும் என்பது கர்டிஸுக்குத் தெரிந்துவிட்டது.

அது என்ன கொடுமை? அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய். வெள்ளையர்கள் குடிக்கும் குழாயில் அவர்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது. இந்த அநியாயத்தை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங் போன்றவர்கள் அறவழியில் போராடினார்கள். அது பிடிக்காத இனவெறிக் கும்பல் ஒன்று, 1963-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்தது. நான்கு சிறுமிகள் இறந்துபோனார்கள். மூன்று பேருக்கு வயது 14. ஒரு சிறுமிக்கு வயது 11.

அந்தச் செய்தி வந்தபோது கர்டிஸுக்கு வயது 10. கதையில் வரும் கென்னிக்கும் அதே வயது. பர்மிங்ஹாமில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போன அந்தக் குடும்பம் அங்கே என்ன கண்டது என்பதுதான் மீதிக் கதை.

எழுதி முடித்து, ஒரு பதிப்பகம் நடத்திய நாவல் போட்டிக்கு அனுப்பினார் கர்டிஸ். பரிசு கிடைக்கவில்லை. இளைஞர்களைப் பற்றிய இக்காலக் கதையாக இருக்க வேண்டும் என்பது விதி. கென்னி ரொம்பச் சின்னப் பையன். கதை நடந்ததோ 1963-ல்! ஆனால், படித்துப் பார்த்த பதிப்பாசிரியருக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. 'போட்டி கிடக்கட்டும், நாம் இதைப் புத்தகமாகவே போடுவோம்' என்று முடிவானது. 1995-ல் அது வெளிவந்தபோது கர்டிஸுக்கு வயது 42. மறு ஆண்டே, 'நியூபெரி' சிறப்பு விருதுப் பட்டியலில் அந்தப் புத்தகம் இடம்பெற்றது.

கேட்காமல் விட்ட தாத்தா கதை

அடுத்து, தொழிலாளர் போராட்டம் ஒன்றைப் பற்றிக் கதை எழுதலாம் என்று கர்டிஸ் நினைத்தார். தான் கதவு மாட்டிய அதே தொழிற்சாலையில் 1936-ம் ஆண்டு கடைசியில் தொடங்கி 44 நாட்கள் நடந்த போராட்டம் அது. தொழிலாளர்கள் வெளியே போகாமல், உள்ளேயே உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்தார்கள்.

அதற்கு வேண்டிய விவரங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, உறவினர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சிக்குப் போனார். அங்கே தன் அப்பாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தது. 1930-களில் அவர் ஓர் இசைக்குழுவின் தலைவராக இருந்தவர். அம்மாவைப் பெற்ற தாத்தா என்ன சாதாரண ஆளா? கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசியவர். இடக்கைக்காரர் என்பதால் 'லெஃப்டி' என்பது அவருடைய பட்டப்பெயர். பிற்காலத்தில் ரயில் நிலையத்தில் பயணிகளின் சுமை தூக்கினார்.

போராட்டக் கதை பின்னுக்குப் போனது. இரண்டு தாத்தாக்களும் கதைக்குள் வந்துவிட்டார்கள்!

அதுதான், 1999-ல் வெளிவந்த 'பட், நாட் பட்டி' என்ற நாவல். அமெரிக்காவில் வேலையும் இல்லாமல் சோறும் இல்லாமல் லட்சக்கணக்கானோர் திண்டாடிய 1936-ம் ஆண்டில் நடக்கிறது. 10 வயது பட், தாயை இழந்தவன். அப்பா யாரென்று தெரியாது. அவனிடம் இருப்பது ஒரு பழைய பெட்டி. அதற்குள் அம்மா விட்டுப்போன, ஓர் இசைக்குழுவின் விளம்பரத் தாள்கள். 'இந்த இசைக்குழுத் தலைவர்தான் என் அப்பாவாக இருக்க வேண்டும்' என்று நினைத்து, நூறு மைலுக்கும் அப்பால் இருக்கும் ஊருக்கு நடந்தே புறப்படுகிறான்! அவர் அப்பாதானா? அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் புத்தகத்தைப் படிக்க மாட்டீர்கள். சொல்ல மாட்டேன்!

அவனுடைய அம்மா அவனிடம், உன் பெயர் 'பட்', அதை யாரும் மாற்றிக் கூப்பிட விடாதே என்று சொல்லியிருப்பாள். ஆங்கிலத்தில் 'பட்' என்றால் மொட்டு என்று பொருள். மலர்வதற்காகக் காத்திருக்கும் மொட்டு! நாற்பது வயதுக்கு மேல் மலர்ந்த கர்டிஸுக்கும் அது பொருத்தமான பெயர்தானே?

இந்தப் புத்தகத்தில் ஒரு குட்டிப் பாட்டு வருகிறது. அதை எழுதியது யார் தெரியுமா? கர்டிஸின் 5 வயது மகள்!

புத்தகத்தின் கடைசியில் கர்டிஸ் ஒரு வருத்தத்தைச் சொல்கிறார். அந்தப் பஞ்ச காலத்தைப் பற்றிப் பெரும்பாலான விவரங்களை அவர் புத்தகங்களைத் தேடித் தேடித்தான் தெரிந்துகொண்டாராம். ஏன்? அவர் சிறுவனாக இருந்தபோது, தாத்தா பாட்டி அந்தக் காலத்துக் கதையைத் தொடங்கினாலே, 'ஐயோ, மறுபடியும் பழைய கதையா!' என்று அலுத்துக்கொள்வாராம். கேட்டிருந்தால் எவ்வளவோ கிடைத்திருக்கும் என்று தெரிந்தபோது, சொல்ல அவர்கள் இல்லை. அதனால்தான், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இப்போதே கதை கேளுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறார்.

இரட்டைப் பரிசு

2000-ம் ஆண்டு, 'பட், நாட் பட்டி' நாவலுக்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது. அமெரிக்க நூலகர்கள் 1922 முதல் ஆண்டுதோறும் சிறந்த சிறுவர் புத்தகத்துக்குக் கொடுக்கும் பரிசு அது. கறுப்பின எழுத்தாளர்களுக்கான 'கொரெட்டா ஸ்காட் கிங்' விருதும் அதே ஆண்டு அதே புத்தகத்துக்குக் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து வாங்கிய முதல் புத்தகம் இதுதான். நியூபெரி பதக்கம் பெற்ற முதல் கறுப்பின ஆண் எழுத்தாளரும் கர்டிஸ்தான்.

அதன் பிறகும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 2007-ல் 'எலைஜா ஆஃப் பக்ஸ்டன்' வெளிவந்தது. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி ஓடி, கனடாவில் பக்ஸ்டன் என்ற ஊரில் சுதந்திரமாக வாழ்ந்தார்கள். அங்கே பிறந்த 11 வயதுச் சிறுவனின் கதை. தப்பி வரும் ஒவ்வொருவருக்காகவும் அந்த ஊரில் மணி 20 முறை அடிக்கப்படும். பத்து முறை, பழைய வாழ்வு போய்விட்டது என்று சொல்வதற்கு. பத்து முறை, புது வாழ்வு வந்துவிட்டது என்று சொல்வதற்கு. படிக்கும்போது நமக்கும் அந்த மணியோசை கேட்கும்.

பட்டின் கதையில் டீசா என்ற சிறுமி கொஞ்ச நேரமே வருவாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டதால், 2012-ல் அவளுக்கென்றே ஒரு நாவல் எழுதினார். 2018-ல் அவர் எழுதிய 'த ஜர்னி ஆஃப் லிட்டில் சார்லி', அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது.

நான்கு விதிகள்

எழுத விரும்பும் பிள்ளைகளுக்குக் கர்டிஸ் நான்கு விதிகள் சொல்வது வழக்கம்.

முதல் விதி: தினமும் எழுதுங்கள்.

இரண்டாவது விதி: மகிழ்ச்சியாக எழுதுங்கள்.

மூன்றாவது விதி: பொறுமையாக இருங்கள். எந்தக் கலையும் ஒரே நாளில் கைவராது.

நான்காவது விதி: மேலே சொன்ன எந்த விதியையும் பொருட்படுத்தாதீர்கள்!

என்ன, சிரிப்பு வருகிறதா? அவருடைய குறும்பு அப்படி! ஆனால் ஒன்று. அவர் வாழ்க்கையைப் பார்த்தால், முதல் மூன்று விதிகளையும் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தது தெரியும்.

பிள்ளைகளே! உங்கள் எல்லோரையும் எழுத்தாளர் ஆகுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குப் படம் வரையப் பிடிக்கலாம், சதுரங்கம் பிடிக்கலாம், பாட்டுப் பிடிக்கலாம். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் என்று நாள் ஓடிவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இங்கே பத்து நிமிடம், அங்கே பத்து நிமிடம் என்று சிதறிக் கிடக்கும் நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். அரை மணி நேரம் கிடைக்கும். கதவு தூக்கிக் களைத்த கைகளால் ஒருவர் அந்த அரை மணி நேரத்தில் எழுத முடிந்ததே!

அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லையா? தாத்தா பக்கத்திலோ பாட்டி பக்கத்திலோ போய் உட்கார்ந்து, "உங்க சின்ன வயசுல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் முதல் கதை அங்கேயே காத்திருக்கலாம்.

என்ன, இன்றைக்கே தொடங்குவீர்களா?